பழைய ரைபிள் எங்கே போகும்?

1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, பல்லாவரத்தில் படையினர் அணிவகுக்கும் திடலை ஒட்டிச் சரளை வெட்டிய பள்ளம் ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அது தானாக உடைந்த கல் இல்லை, மனிதக் கை சில்லு தட்டிச் செய்த கருவி என்று அவருக்கு விளங்கியது. இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான் என்று பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. அதைச் செய்தவன் என்ன மொழி பேசினான், எதைக் கும்பிட்டான், எங்கே செத்தான் என்று சொல்ல வழியில்லை. அவன் கையை விட்டுப் போன கருவி மட்டும், மேலே மண் மூடி, மண்ணின்மேல் ஊர் எழும்பி, ஊருக்குப் பட்டாளம் வந்து துப்பாக்கி தூக்கி நடைபழகிய காலம் வரைக்கும் அழியாமல் கிடந்தது. பாயிண்ட் 22 ரைபிளைப் பற்றிய கட்டுரையை இந்தக் கல்லில் தொடங்கக் காரணம் உண்டு. ஒருவன் ஆயுதத்தைக் கைவிடும்போது அவனுக்கும் அதற்குமான உறவு முடிகிறது; ஆயுதத்தின் ஆயுள் முடிவதில்லை. பழைய ரைபிளைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதா, அதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்வியில் நான் கடைசிவரை பிடித்துக்கொள்ளப் போவது இந்த ஒரு நூலைத்தான்.

தென்சென்னைப் புறநகரில் இந்தக் கேள்வி கற்பனைக் கேள்வி இல்லை. பரங்கிமலையில் 1963இல் தொடங்கிய படை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1988இல் அகாடமி ஆயிற்று. செங்கல்பட்டுப் பக்கம் ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம் இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்த மாணவர்கள் முதன்முதலாகத் தோளில் அணைத்துச் சுடுவது பெரும்பாலும் பாயிண்ட் 22 ரைபிளைத்தான். தரையில் குப்புறப் படுத்து, 25 கஜ தூரத்து இலக்கை நோக்கி. இதன் தோட்டாவில் தீயைப் பற்றவைக்கும் கலவை நடுவில் இருக்காது, அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். ஊசி விளிம்பில் அடித்து நசுக்கினால்தான் அது பற்றும். அப்படி நசுங்கிய கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுவது வழக்கத்தில் இல்லை. தோட்டாவுக்கு ஒரே வாழ்க்கை. ரைபிளோ தலைமுறை தாண்டி நிற்கும். இன்று உலகெங்கும் புழங்கும் பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டியும் அந்தத் தோட்டாவில் நடப்பதுதான். ஆகவே, தோட்டா கிடைக்காமல் போய்ப் பழைய ரைபிள் பயனற்றுவிடும் என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. வால்வு வானொலிக்கும் மீட்டர்கேஜ் ரயில் வண்டிக்கும் நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை. இதை மாற்றத்தான் வேண்டும் என்று காலம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவு நம் கையில் இருக்கிறது. அதனாலேயே இது அறத்தின் கேள்வியாகிறது.

ரைபிளைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். பின்கட்டை மரம். குழல் எஃகு. குழலும் போல்ட்டும் விசையும் வந்து பொருந்துகிற நடுப்பகுதியைப் பாடி என்பார்கள். அடையாள எண்ணைப் பொறிப்பது அதன்மேல். குறிபார்க்க ஃபோர்சைட், பேக்சைட். பாயிண்ட் 22 குண்டு மெத்தென்ற ஈயம், வேகமும் குறைவு. ஆகையால் குண்டு போய்ப்போய்க் குழல் தேய்வது மிக மெதுவாகத்தான் நடக்கும். குழலைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் தரும் துரு; கண்ட கம்பியை விட்டுத் துடைத்ததால் வாய்ப்பக்கம் விழுந்த கீறல்; உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடியதால் ஊசி போய் அறையின் விளிம்பில் மோதி உண்டாக்கிய தழும்பு. இவற்றில் எதுவும் சுட்டதால் வந்த சேதம் இல்லை, கவனிக்காததால் வந்த சேதம். உரிமம் பெற்ற ஆர்மரர் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடுவார்; குழலே போயிருந்தால் குழலை மாற்றுவார். ரைபிள் பழசாகிவிட்டது என்று சொல்பவர் முதலில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழசானது ரைபிளா, அதைப் பேணும் பழக்கமா? பழக்கம்தான் என்றால், புதிய ரைபிளும் அந்தக் கையில் சில வருடங்களில் இதே நிலைக்குத்தான் வரும்.

இங்கேதான் தத்துவக்காரர்கள் குறுக்கே வருவார்கள், வரவும் வேண்டும். குழலை மாற்றி, கட்டையை மாற்றி, போல்ட்டையும் மாற்றிய பிறகு எதைப் புதுப்பித்ததாகச் சொல்கிறோம்? அது பழைய ரைபிள்தானா? இந்த ஐயத்துக்கு என்.சி.சி. வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மாணவர்கள் கையில் நெடுங்காலம் இருந்த நம்பர் 2 மார்க் 4 ரைபிள், பிறவியிலேயே பாயிண்ட் 22 ஆக உருவான வகை இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டிஷ் படை, போருக்கென்று செய்த 303 லீ என்ஃபீல்ட் ரைபிள்களை எடுத்து, பயிற்சிக்கென்று பாயிண்ட் 22 ஆக்கியது. சிலவற்றில் குழலையே மாற்றினார்கள்; சிலவற்றில் பழைய குழலுக்குள்ளேயே புதிய உட்குழலைச் செருகினார்கள். பாடி அதே பாடி, எடையும் பிடியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஆளைக் கொல்லச் செய்த ஆயுதம், அட்டையில் துளையிடக் கற்றுக்கொடுக்கும் கருவி ஆகிவிட்டது. இதை மேம்பாடு என்பதா, தரம் இறக்கியது என்பதா, மறுபிறவி என்பதா? பொருளை மட்டும் உற்றுப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது.

நம் மரபில் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரை வைத்து வாதிட்டது பலரும் அறிந்தது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் இல்லை, இவை சேர்ந்த சேர்க்கைக்கு நாம் இட்ட பெயரே தேர் என்று பௌத்தம் நிறுவியது. நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகள் வேறு, அவற்றில் தங்கி நிற்கும் முழுமை வேறு; அவயவி என்று ஒன்று உண்மையாகவே உண்டு என்றார்கள். ஆனால் அந்தக் கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. துணியிலிருந்து ஓர் இழையை உருவினாலும் பழைய துணி அழிந்து புதுத்துணி பிறக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் திருகாணி மாற்றினாலே ரைபிள் புதுசு; புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் வேறுபாடே கிடையாது. மூன்றாவது பதில் சமணருடையது. தமிழில் அதை விரிவாக வாதிட்ட நூல் நீலகேசி. அதன் நாயகி குண்டலகேசியோடும் மொக்கலனோடும் புத்தனோடும் வாதிட்டுவிட்டு, ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொருவரிடமும் போகிறாள். கணந்தோறும் எல்லாம் அழிந்து புதிதாகிறது என்ற கொள்கையையும் அவள் ஏற்பதில்லை, எதுவுமே மாறாமல் நிற்கிறது என்ற கொள்கையையும் ஏற்பதில்லை. பொருள் நிற்கிறது, அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன. ஆகையால் அதுவேயா வேறா என்று கேட்டால், எந்த வகையில் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பதே சமணரின் வழி.

எனக்கு இந்தத் திருப்பிக் கேட்டல் சரியாகப் படுகிறது. பௌத்தரின் பதிலைச் சொல்லி, பழைய ரைபிளின் மீது பற்று வைப்பது பேதமை, பெயருக்குப் போய் உருகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். பழையதில் ஒட்டிக்கொள்ளும் மனம் எவ்வளவு பற்றுடையதோ, புதியதைத் தேடும் மனமும் அவ்வளவு பற்றுடையது. தேர் என்று ஒன்று இல்லை என்றால் புதிய தேர் என்றும் ஒன்று இல்லை. ஆகவே நாகசேனரிடமிருந்து புதிது வாங்க யாருக்கும் அனுமதி கிடைக்காது. எந்த வகையில் என்று கேட்டாலோ விடைகள் பிரிந்து வரும். சுடும் திறனின் வகையில் ரைபிள் என்பது குழல். தாத்தா தோளில் அணைத்தது என்ற நினைவின் வகையில் ரைபிள் என்பது கன்னம் பட்டுப்பட்டு மழுங்கிய கட்டை. சட்டத்தின் வகையில் ரைபிள் என்பது பாடியில் பொறித்த எண். இந்த மூன்றில் எது முதன்மை என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். வீணையாக இருந்தால் ஓசையை முன்வைப்பேன், ஊஞ்சல் பலகையாக இருந்தால் நினைவை. ஆயுதமாக இருப்பதால் எண்ணை முன்வைக்கிறேன்.

எண் என்றால் குமாஸ்தா விவகாரம் என்று நினைக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ பெயரையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. உரிமம் இல்லாமல் பிறருக்காகத் துப்பாக்கி பழுதுபார்க்கவும் கூடாது என்கிறது. தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கும் வழக்கம் நாம் அறிந்ததுதான். அங்கே எழுதிக்கொள்வதும் எண்ணைத்தான். அந்த எண்ணின் பொருள் என்ன? இந்த இரும்பால் என்ன நேர்ந்தாலும் அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்பது. கட்டை மாறலாம், குழல் மாறலாம். பதில் சொல்லும் அந்தத் தொடர்ச்சி அறுபடாத வரை, அந்த ரைபிள் அந்த ரைபிளே. நான் பொறுப்பு என்று சொல்வது இதைத்தான். இது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் சாரம் இல்லை, ஒரு மனிதருக்கும் ஊருக்கும் இடையிலான வாக்கு.

இனி மேற்கத்தியப் புதிர் ஒன்றைக் கொண்டுவருகிறேன், அதன் பாதிதான் பலருக்கும் தெரியும் என்பதால். தீசியஸின் கப்பலைப் பற்றி ப்ளூடார்க் எழுதினார். ஏதென்ஸ்காரர்கள் அதைப் போற்றி வைத்து, மக்கிய பலகையை எல்லாம் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டார்கள். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பத்திரமாக எடுத்து வைத்து, அதே வரிசையில் மறுபடி பூட்டினால் என்ன ஆகும்? இப்போது கப்பல் இரண்டு. எது தீசியஸின் கப்பல் என்பதில்தான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தப் பலகை பொறுக்கியவன். அவன் யார், எதற்குப் பொறுக்கினான், அவன் செய்த கப்பலில் யார் ஏறினார்கள்? கப்பலில் இது வேடிக்கைக் கேள்வி. ஆயுதத்தில் இதுவே முதல் கேள்வி. புதிய ரைபிள் வாங்கும்போது பழைய ரைபிள் மறைந்துவிடுவதில்லை. விற்கிறோம், கொடுக்கிறோம், பரணில் போடுகிறோம். ஒன்று இருந்த இடத்தில் இரண்டாகிறது. மாற்றுவது என்று நாம் சொல்லும் செயல் உண்மையில் கூட்டுவது. புதுப்பித்தலுக்கும் மாற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு, அவயவி உண்டா இல்லையா என்பதில் இல்லை. மிச்சம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

நம் கோயில்கள் இந்த மிச்சத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட்டிருக்கின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் பழைய மூலவர் அத்திமரத் திருமேனி. இப்போதுள்ள கல் மூலவர் பழைய சீவரத்திலிருந்து வந்தவர் என்பது தல வரலாறு. மூலவர் மாறியபோது பழைய திருமேனியை யாரும் மூலையில் போடவில்லை; அனந்தசரஸ் குளத்து நீருக்குள் எழுந்தருளச் செய்தார்கள். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாள் காட்சி தந்துவிட்டு மறுபடி நீருக்குள் போனார். பூரியில் மரத் திருமேனிகளை மாற்றும் நவகளேவரம் 2015இல் நடந்தபோதும் பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே முறைப்படி புதைத்தார்கள். ஆகமங்களும் சிற்ப நூல்களும் ஜீர்ணோத்தாரணம் பற்றிச் சொல்லும்போது இந்த வேறுபாட்டைப் போற்றுகின்றன. சிறு உறுப்புச் சிதைந்தால் சரிசெய்துகொள்ளலாம். தலை, உடல் போன்ற முதன்மை உறுப்பு முறிந்தால் புதுத் திருமேனி வேண்டும், பழையதை முறையாக நீரிலோ நிலத்திலோ சேர்க்க வேண்டும். பாலாலயம் செய்து சக்தியைக் கலசத்துக்கு இறக்கிய பிறகு கல் வெறும் கல்தான் என்று தத்துவம் சொல்லும். இருந்தும் அந்தக் கல்லைத் தெருவில் விட யாருக்கும் மனம் வராது. தெய்வத் திருமேனிக்கே இவ்வளவு ஏற்பாடு என்றால், சுடும் இரும்புக்கு எவ்வளவு வேண்டும்? அதை அனந்தசரஸில் இட முடியாது.

மிச்சம் எப்போதுமே தீங்கு என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்பதற்குத் தாம்பரமே சாட்சி. 1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மறைப்பணி மாநாடு கூடியது. ஜார்ஜ் டவுனிலிருந்து கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மாநாட்டுக்கென்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு நூல் எழுதியிருந்தார். மற்றச் சமயங்களுக்கும் கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது, ஒன்று மற்றொன்றின் மேம்பட்ட வடிவம் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். பழையது புதியதில் நிறைவடைகிறது என்று 1913இல் ஜே.என். ஃபார்குவார் எழுதியிருந்ததற்கு இது நேர் எதிர். கல்லூரி முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக் கிரேமரோடு மோதினார், சென்னையின் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோரும் தங்கள் மறுப்பை அந்த ஆண்டே நூலாகக் கொண்டுவந்தார்கள். புதுப்பிப்பதா மாற்றுவதா என்ற கேள்வியை இதைவிடப் பெரிய அளவில் இந்த வட்டாரம் கேட்டதில்லை. கிரேமர் சொன்னதுபோல முழு மாற்றமே நடந்தாலும், பழைய மனிதனின் மிச்சம் எங்கே போகும் என்று நான் கேட்பேன். வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் தந்தபோது, கம்பனில் ஊறிய அந்தக் காது கூடவே வந்தது. சமயத்தில் மிச்சம் வளம். ஆயுதத்தில் மிச்சம் இன்னொரு ஆயுதம். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடை வருவது முரண் இல்லை, எந்த வகையில் என்ற நீலகேசியின் வழியில் கேட்டால் வரவேண்டியதே அதுதான்.

இனி மறுப்புகள். பழுதுபார்த்தாலும் மிச்சம் வரத்தானே செய்கிறது, கழற்றிய குழல் எங்கே போகும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயுதச் சட்டமே ஆயுதத்தின் பகுதிகளையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. இந்த இடத்தில் சட்டம் வைசேடிகர் பக்கம் நிற்கிறது, உறுப்புக்கும் தனி இருப்பு உண்டு என்கிறது. ஆகவே கழற்றிய குழலுக்கும் கணக்கு வேண்டும். ஆனால் குழல் தனியாகச் சுடாது. உளுத்துப்போன குழலும் உயிருள்ள ரைபிளும் ஒரே அளவு ஆபத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். ஆனால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்திருக்கும் பாயிண்ட் 22 ரைபிளை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. சட்டமே எண்ணாததை நீ ஏன் எண்ணுகிறாய் என்று கேட்கலாம். எண்ணிக்கை வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது உண்மை, பொறுப்பிலிருந்து கொடுக்கவில்லை. விளையாட்டு வீரரின் விவேகத்தை நம்பிச் சட்டம் அங்கே கை எடுத்திருக்கிறது. சட்டம் எண்ணாமல் விட்ட இடத்தில் மனசாட்சிதான் எண்ண வேண்டும். ஒன்று கூடினால் என்ன ஆகிவிடும் என்ற பேச்சு, ஒரு மணலால் குவியல் ஆகிவிடுமா என்ற பழைய வாதம்தான். எந்த மணலும் தனியாகக் குவியல் ஆவதில்லை, ஆனால் குவியல் இருக்கிறது.

போட்டியில் சுடுகிறவர் கேட்பது வேறு. மில்லிமீட்டரில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் ஆட்டத்தில், கன்னத்துக்கும் தோளுக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும் புதிய ரைபிளைப் பழைய மரக்கட்டையால் ஈடுகட்ட முடியுமா? முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாநில அளவைத் தாண்டிச் சுடும் பிள்ளைக்குப் புதிய ரைபிள் வேண்டும் என்றால் அது தேவை, ஆசை இல்லை. ஆனால் அந்த நிலைக்கு வந்தவர்கள் சிலர்தான். படுத்துச் சுடப் பழகும் மாணவரின் குறி தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சும் விசையை வெடுக்கென்று இழுப்பதுமே. அதைப் பழைய ரைபிள் புதியதைப் போலவே காட்டிக்கொடுக்கும். தேவை எது, அவா எது என்று பிரிக்க ஒரு வழி சொல்வேன். புதியதை வாங்குவதற்கு முன்பே பழையதை என்ன செய்யப் போகிறோம் என்று முழுதாக முடிவுசெய்தவர் தேவைக்கு வாங்குகிறார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவரை அவா இழுத்துக்கொண்டு போகிறது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு கொல்லாமைக்காரருடையது. ஆயுதத்தைப் பேணுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு, ஆயுதமே வேண்டாம் என்பதல்லவா அறம் என்று அவர் கேட்பார். நான் துணைக்கு அழைத்த நீலகேசியே அவர் பக்கம் போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். இல்லறத்தாருக்குச் சமணம் விதித்த விரதங்களில், கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பதும் வீண் தீங்குகளில் ஒன்றாக எண்ணி விலக்கப்பட்டது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் அதை இம்சாதானம் என்கிறது. அந்த நூலின் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பைப் படித்துத் தமிழ்ச் சமணர் இன்றும் இல்லற ஒழுக்கம் கற்கிறார்கள். ஆயுதமே தொடாதவர் என்னைவிட உயர்ந்த இடத்தில் நிற்கிறார். அவரோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் ரைபிள் ஏற்கெனவே ஒருவர் வீட்டு இரும்புப் பெட்டியிலோ கல்லூரியின் ஆயுத அறையிலோ இருக்கிறது. அது இல்லாதது போலப் பேச முடியாது. அந்த நிலையில் இம்சாதானத்தைப் பற்றிய எச்சரிக்கை என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. வைத்திருப்பதைவிடக் கொடுப்பதையே அந்த விரதம் குறிவைத்துத் தடுக்கிறது, ஏனென்றால் கொடுத்த கணத்தில் நம் கட்டுப்பாடு போய்விடுகிறது, நம் பங்கு போவதில்லை. பழையதை விற்றுப் புதியதை வாங்குகிறவர் இரண்டு செயல் செய்கிறார். முதல் செயலைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பாடி நலமாக இருக்கும் வரை பழைய ரைபிளையே புதுப்பியுங்கள். குழலை மாற்றலாம், கட்டையை மாற்றலாம், சைட்டை மாற்றலாம். அதனால் அது வேறாகிவிடுமோ என்ற தத்துவக் கவலை வேண்டாம், எண்ணும் பொறுப்பும் அறுபடவில்லை. பாடியில் விரிசல் கண்டாலோ, போல்ட் பூட்டு நில்லாமல் போனாலோ, முதன்மை உறுப்பு முறிந்த திருமேனி போலத்தான் அது. அப்போது நினைவுக்காக அதை ஒட்டுப்போட்டுச் சுடுவது அருகில் படுத்திருப்பவரின் கண்ணைப் பணயம் வைப்பது. பழையதை முறைப்படி ஒப்படைத்து, அது மறுபடி யார் கையிலும் சுடாது என்று உறுதி செய்துகொண்ட பிறகே புதியதைத் தொட வேண்டும். சுடவே ஆளில்லாத வீட்டில், பெட்டிக்குள் உறங்கும் ரைபிளுக்குப் புதுப்பித்தலும் வேண்டாம், மாற்றும் வேண்டாம், ஒப்படைத்துவிடுவதே சரி. தாத்தாவின் நினைவுக்கு அவர் கன்னம் பட்ட கட்டையின் படம் போதும்.

கிண்டித் தொழிற்பேட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை நெடுக உள்ள பட்டறைகள் வரை, ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்துத் துடைத்து வரிசையாக வைப்பார்கள். எது இருக்கிறது, எது காணோம், எது துருப்பிடித்தது என்று வருடத்தில் ஒருநாளாவது முழுக் கணக்கும் கண்ணில் படும். காவல்துறையின் ஆயுத அறைகளிலும் ரைபிள்கள் அன்று சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. உங்கள் பொறுப்பில் ஒரு பழைய பாயிண்ட் 22 இருந்தால், இந்த வருடம் பொட்டு வைப்பதற்கு முன் உரிமத்தை எடுத்து, அதில் உள்ள எண்ணையும் பாடியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.